வார்டில் கிளம்பிய சாம்பிள் லேபுக்கு வந்ததா? காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி

மூன்றாம்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் 60 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் பார்த்துக்கொள்கிறேன். டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்து 2006இல் சேர்ந்தேன். இன்னும் அதே நாற்காலிதான், மெத்தையை மட்டும் ஒரு தடவை மாற்றித் தந்தார்கள்.

கேள்விக்குப் போகுமுன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதிச் சிக்கல் இடத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் முன்பகுதி வாடகைக்கு எடுத்த பழைய செட்டியார் வீடு. முகப்பில் ஓ.பி. வளவை, அதாவது முதல் முற்றத்தை, சுற்றியிருக்கும் அறைகளில் பெண்கள் வார்டு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு என்னும் பகுதியில் ஆண்கள் வார்டு. மூன்றாம் கட்டில், ஒரு காலத்தில் கல்யாணச் சமையல் நடந்த இடத்தில், லேப். ஓ.டி.யும் (ஆபரேஷன் தியேட்டர்) ஐ.சி.யு.வும் பின்தெருப் பக்கம் கட்டிய புதுக் கட்டடத்தில். சுவரெல்லாம் இரண்டடி கனம். வளவில் நின்றால் போன் பேசலாம், அறைக்குள் கால் வைத்தால் "ஹலோ ஹலோ"தான். வைஃபையும் அப்படியே. கேபிள் இழுக்கலாம் என்றால் வீட்டுக்காரர்கள் சுவரில் ஆணி அடிக்கவே விட மாட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது சாம்பிள் எப்படி நகர்கிறது என்றால், சிஸ்டர் ரத்தம் எடுத்து, ட்யூபில் மார்க்கர் பேனாவால் பெயரும் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) எழுதி ட்ரேயில் வைப்பார். ஆயாம்மா அந்தப் பக்கம் வரும்போது தூக்கி வருவார். நான் சாம்பிள் நோட்டில் கையெழுத்துப் போடுவேன். சாஃப்ட்வேரில் எண்ட்ரி போட்ட பிறகு பார்கோடு லேபிள் வரும், அதை மார்க்கர் எழுத்தின் மேலேயே ஒட்டுவோம். ஆக, எங்களிடம் பார்கோடு இருக்கிறது. ஆனால் அது பிறப்பதே லேபில்தான். படுக்கையிலிருந்து என் கவுண்டர் வரைக்கும் அந்த ட்யூப் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. இதில் வேடிக்கை, 2016 விதிப்படி வெளியே போகும் மருத்துவக் கழிவுப் பைக்குப் பார்கோடு கட்டாயம். உபயோகித்துத் தூக்கிப் போட்ட பஞ்சு எங்கே போகிறது என்று கணக்கு இருக்கிறது, நோயாளியின் ரத்தத்துக்கு இல்லை.

இந்த வருஷம் இரண்டு சம்பவம். இரண்டிலும் என் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

எங்கள் பக்கம் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயரை வைப்பது வழக்கம். அதனால் ஊரில் எத்தனை மீனாட்சி, எத்தனை வள்ளியம்மை, எத்தனை உமையாள் என்று எண்ணி மாளாது. மார்ச்சில் பெண்கள் வார்டில் ஒரே பெயரில் இரண்டு ஆச்சிகள், இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு, இன்னொருவர் நான்கு நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு வந்தவர். ட்யூபில் பெயர் தெளிவாக இருந்தது. ஐ.பி. நம்பர் ஸ்பிரிட் பட்டு அழிந்திருந்தது. நான் பட்டியலில் அந்தப் பெயரில் முதலில் வந்தவர் மேல் எண்ட்ரி போட்டேன். வயிற்றுப்போக்கு ஆச்சிக்குப் பொட்டாசியம் 6.4 என்று ரிப்போர்ட் போனது. நல்லவேளை, டியூட்டி டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேதி போனவருக்கு இது ஏன் ஏறுகிறது?" என்று திரும்ப எடுக்கச் சொன்னார். வந்தது 2.9. பொட்டாசியத்தை ஏற்ற வேண்டிய ஆளுக்கு இறக்க மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் சில ராத்திரி தூக்கம் கெடுகிறது.

இரண்டாவது, போன மாதம். எண்டோஸ்கோபியில் எடுத்த வயிற்றுப் பயாப்சிக் குப்பி (சோதனைக்கு எடுத்த திசு) ஒன்றரை நாள் காணோம். ஓ.டி.யில் கொடுத்தாயிற்று என்கிறார்கள், லேபில் வரவில்லை என்கிறோம். கடைசியில் இரண்டாம் கட்டுச் சுவரில் இருக்கும் விளக்கு மாடத்தில் கிடைத்தது. ஆயாம்மாவுக்கு வழியில் போன் வந்திருக்கிறது, குப்பியை மாடத்தில் வைத்துவிட்டுப் பேசியிருக்கிறார், ட்ரேயை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நோட்டை எடுத்துப் பார்த்தால் "6 சாம்பிள் பெற்றுக்கொண்டேன்" என்று என் கையெழுத்து. எண்ணாமல் போட்டது.

என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கணக்கு ஒரு காசு உதைத்தாலும் சாப்பிட எழுந்திருக்க மாட்டார். அவர் பிள்ளை எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

நிர்வாகம் ஒன்றரை லட்சம் வரை செலவு செய்யலாம் என்கிறது. வந்த விற்பனையாளர் ஒருவர் ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையில் படிக்கும் சில்லு) போட்டால் ட்யூப் தானே பேசும் என்கிறார். இந்த வைஃபையை வைத்துக்கொண்டு படுக்கையருகே ஸ்கேன் செய்ய முடியுமா? லேபிளை எங்கே அடிப்பது? சிஸ்டர்கள் ஒத்துக்கொள்வார்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கேபிள்காரன், மதுரை:

அண்ணே, ஆர்.எஃப்.ஐ.டி.யை இப்போதைக்குத் தொடாதீர்கள். மோசம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் எண்டோஸ்கோபி பயாப்சிக் குப்பிகளில் போட்டுப் பார்த்து, லேபிள் தப்பு நன்றாகக் குறைந்தது என்று 2009இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தூரத்திலிருந்து படிக்கும் வகைக்குத் தண்ணீரும் உலோகமும் ஆகாது. ரத்த ட்யூபை எவர்சில்வர் ட்ரேயில் அடுக்கி வைத்தால் எது படித்தது, எது படிக்கவில்லை என்று நீங்கள்தான் தேட வேண்டும். உங்கள் பட்ஜெட்டுக்கு ஒற்றைப் பார்கோடு போதும்.

வைஃபையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஸ்கேன் செய்த நொடியே சர்வருக்குப் போக வேண்டும் என்று யார் சொன்னது? சாதா ஆண்ட்ராய்டு போன் ஸ்கேனைத் தனக்குள் சேமித்து வைத்து, வளவுக்கு வந்ததும் அனுப்பட்டும். ஒரு ரவுட்டர் வளவில், ஒன்று உங்கள் மேஜையில். ஆணி வேண்டாம், தூணில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். அந்தந்த வார்டின் நோயாளிப் பட்டியலை மட்டும் ஷிஃப்ட் ஆரம்பத்தில் போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஷிஃப்டுக்கு நடுவில் புதிதாகச் சேரும் நோயாளிக்கு ஒரு தடவை வளவுக்கு வந்து புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

லேபிளுக்கு இரண்டு வழி. ஒன்று, இடுப்பில் மாட்டும் சின்ன பிரிண்டர். நோயாளி கையில் இருக்கும் பட்டையை ஸ்கேன் செய்தால் அவருக்கான லேபிள் மட்டும் அங்கேயே வரும். சுகமானது, ஆனால் காசு, அப்புறம் பேட்டரி. இரண்டாவது, முன்கூட்டியே வரிசை எண்ணோடு அச்சடித்த பார்கோடு ஸ்டிக்கர் ரோல். ரத்தம் எடுத்ததும் ட்யூபில் ஒன்று ஒட்டி, கைப்பட்டையை ஒரு ஸ்கேன், ட்யூபை ஒரு ஸ்கேன், ஜோடி சேர்ந்தது. பிரிண்டரே வேண்டாம். ஆனால் ஸ்டிக்கரில் நம்பர்தானே இருக்கும், பெயரும் ஐ.பி. நம்பரும் கையால் எழுதியே ஆக வேண்டும். கரண்ட் போனால் மனிதக் கண்ணுக்கு அதுதான் துணை.

ஒட்டும் விதத்தைச் சிஸ்டர்களுக்குக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பார்கோடு ட்யூபின் நீளவாக்கில், கோடுகள் ஏணிப்படி மாதிரி அடுக்கி நிற்க வேண்டும். மோதிரம் மாதிரி சுற்றி ஒட்டினால் வளைவில் பாதிக் கோடு மறைந்துவிடும், அனலைசர் படிக்காது. உங்கள் லேபிள் எப்படியும் 'கோட் 128' என்ற பார்கோடு வகையாகத்தான் இருக்கும். அதில் இரண்டு ஓரத்திலும் வெள்ளை இடம் விட்டே ஆக வேண்டும், அதைக் கத்தரிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், அரை மணிக்கு ஒரு தடவை ஒரே ஒரு பட்டியல்: "எடுத்தாயிற்று, இன்னும் வந்து சேரவில்லை." உங்கள் மாடத்துக் குப்பி அந்தப் பட்டியலில் அரை மணி நேரத்தில் வந்திருக்கும். இந்தப் பட்டியலைக் காட்டாத சாஃப்ட்வேரை வாங்காதீர்கள், திரையில் எத்தனை கலர் இருந்தாலும் சரி.

வழிப்போக்கன்:

வழி நெடுக நான்கு சி.சி.டி.வி. போட்டால் வேலை முடிந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு?

மூன்றாம்கட்டு:

வழிப்போக்கன் சார், கேமரா இருக்கிறது. ஒன்றரை நாள் படத்தை உட்கார்ந்து பார்த்துத்தான் மாடத்தையே கண்டுபிடித்தோம். காணாமல் போனது என்று தெரிந்த பிறகு தேட அது உதவும். எனக்கு, காணோம் என்பதே உடனே தெரிய வேண்டும். காணாமல் போகாமல் சும்மா தாமதமானாலும் கெடுதல்தான். ரத்த அணுக்களைப் பிரிக்காமல் வைத்த சாதா ட்யூப் ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கிக்கொண்டே போகும். அதற்காகத்தான் சாம்பல் மூடி ட்யூபில் ஃபுளோரைடு போடுகிறார்கள். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் இருந்த ட்யூபில் பொட்டாசியம் என்ன வந்தாலும் நான் நம்ப மாட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தை எனக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் கஷ்டம்.

நைட் டியூட்டி, தேவகோட்டை:

நான் ஸ்டாஃப் நர்ஸ். லேப்காரர்கள் இப்படிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னிக்கவும் சார்.

காலை ஐந்தரைக்கு 22 பேருக்கு நான் ஒருத்தி. ஏழு மணிக்குள் ரத்தம் எடுத்து, ஊசி போட்டு, சார்ட் எழுதி முடிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு ஸ்கேன் என்றால் உங்களுக்கு இரண்டு நொடி. எனக்கு அது கையுறையைக் கழற்றி, போனை எடுத்து, அது திறக்காமல், திரும்பக் கையுறை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி கொண்டுவந்தார்கள். என்ன செய்தோம் தெரியுமா? எல்லோருடைய கைப்பட்டையையும் இன்னொரு தடவை பிரிண்ட் எடுத்து ஒரு வளையத்தில் கோத்து நர்ஸ் மேஜையில் மாட்டிவைத்து, அங்கேயே டிக் டிக் என்று அடித்துவிட்டுத்தான் வார்டுக்குள் போவோம். தப்பு என்று தெரியும். அந்த ஸ்கேனர் ஒரு தள்ளுவண்டி கம்ப்யூட்டரோடு ஒயரில் கட்டியிருந்தது. அதுவும் உங்களுடையது மாதிரி பழைய வீடு. நிலைப்படி அரையடி உயரம், வண்டி ஏறாது. நான் என்ன செய்ய?

கைப்பட்டை விஷயத்தையும் பாருங்கள். ஐ.வி. போட இடம் இல்லை என்று வெட்டிவிடுவார்கள், வீக்கம் என்று வெட்டிவிடுவார்கள். ஆச்சிமார் வளையலுக்கு மேல் உறுத்துகிறது என்று தாங்களே கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். வெட்டியவர்தான் இன்னொரு கையில் உடனே மாட்ட வேண்டும் என்று எங்கள் இடத்தில் இப்போது விதி. கட்டிலில் ஒட்டவே கூடாது. கட்டில் மாறும், ஆள் மாற மாட்டார். ஸ்கேன் செய்தாலும் "உங்க பேர் என்ன ஆச்சி?" என்று கேட்டுவிட வேண்டும். "மீனாட்சி ஆச்சிதானே?" என்று கேட்டால் காது கேட்காதவர்கூட ஆமாம் என்று தலையாட்டுவார்.

எங்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள். "லேபுக்கு வந்தது" என்ற குறி எங்கள் போனில் தெரிந்தால், "சிஸ்டர் ரிப்போர்ட் என்னாச்சு" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் நான் லேபுக்குப் போன் அடிக்க வேண்டியதில்லை. உறைந்துபோச்சு, திரும்ப எடுங்கள் என்பதை மத்தியானம் 12 மணிக்குச் சொல்லாமல் பார்த்த உடனே அதிலேயே போட்டுவிடுங்கள். அந்த இரண்டும் நடந்தால் நான் ஸ்கேன் செய்கிறேன். ஆயாம்மாவுக்கு எழுத்தைக் காட்டாதீர்கள், சரி என்றால் ஒரு சத்தம், தப்பு என்றால் வேறு சத்தம், அது போதும். தயவுசெய்து முதல் வாரமே அவர் பெயரை எடுத்து யாரையும் திட்ட வைக்காதீர்கள். அப்புறம் அந்தப் போனை அவர் தொட மாட்டார்.

ஃபார்மலின்:

நோய்க்குறியியல் மருத்துவன், பணி ஓய்வு பெற்றவன். பயாப்சிக் குப்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அறுத்து எடுத்த கட்டியைத் திரும்ப எடுக்க எங்கே போவீர்கள்?

லேபிள் குப்பியின் உடம்பில் இருக்க வேண்டும், மூடியில் ஒட்டக் கூடாது. திறந்து மேஜையில் வைத்த நாலு மூடிகளில் எது யாருடையது என்று தேடிய அனுபவம் எனக்கு உண்டு. சூட்டில் கறுக்கும் சாதா லேபிள் காகிதம், கடை பில் மாதிரி இருக்குமே, அது வெயிலுக்கும் ஸ்பிரிட்டுக்கும் தாங்காது. குப்பிகளுக்கு ரெசின் ரிப்பன் வைத்து அடிக்கும் லேபிளை வாங்குங்கள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் வழிந்தாலும் எழுத்து நிற்கும்.

ஸ்கேன் செய்யும்போது எத்தனை துண்டு என்ற எண்ணிக்கையும் பதிவாகட்டும். ஓ.டி.யில் நான்கு, லேபில் மூன்று என்றால் அது அன்றைக்கே தெரிய வேண்டும். அப்புறம் ஃபார்மலினில் போட்ட நேரம். மார்பகப் புற்றுநோய் சாம்பிளை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹார்மோன் ஏற்பிச் சோதனையை நம்ப முடியாது. ஆகவே நீங்கள் பதிவு செய்யும் நேரம் தேடுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அதை வைத்துத்தான் நான் ரிப்போர்ட்டே எழுதுவேன். திசுவின் அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும் என்பதையும் ஓ.டி.யில் ஞாபகப்படுத்துங்கள். சின்னக் குப்பியில் பெரிய கட்டியை அமுக்கி அனுப்புவார்கள்.

தட்டோடு மொத்தமாகக் கையெழுத்து என்ற பழக்கம் ஸ்கேனுக்கு வந்த பிறகும் ஒட்டிக்கொள்ளும். ட்ரேக்கு ஒரு பார்கோடு வைத்து, அதை ஒரு தடவை அடித்தால் 6 சாம்பிளும் வந்ததாகக் காட்டும் வசதியைச் சில நிறுவனங்கள் பெருமையாக விற்பார்கள். புறப்படும் இடத்தில் வேண்டுமானால் இருக்கட்டும், உங்கள் கவுண்டரில் அதை முடக்கிவிடுங்கள்.

மூன்றாம்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஆகிறது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டிக்கர் ரோல் வழியைத்தான் எடுத்தோம். வார்டுக்கு ஒன்றாக நாலு போன், என் கவுண்டரில் ஒயர் ஸ்கேனர் ஒன்று, ஓ.டி.க்கு மட்டும் ரெசின் ரிப்பன் பிரிண்டர். ரவுட்டர் வளவுத் தேக்குத் தூணில் சேலை முந்தானை மாதிரி ஒரு துணிப்பட்டையில் தொங்குகிறது. வீட்டுக்காரப் பெரியவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, துணியின் நிறம் மட்டும் சரியில்லை என்றார்.

சிஸ்டர் சொன்னதைக் கேட்டுப் போனைக் கழுத்தில் மாட்டும்படி, கையுறையோடு பக்கத்துப் பட்டனை அழுத்தினால் ஸ்கேன் ஆகும்படி வைத்தோம். உறைந்த சாம்பிளை நான் தள்ளினால் அந்த நிமிஷமே வார்டு போன் சத்தம் போடும். இது வந்த மறுநாளே ஆண்கள் வார்டு சிஸ்டர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்.

மாடத்தை என்ன செய்வது என்று யோசித்தோம். ஆயாம்மா அங்கே வைக்கத்தான் போகிறார். ஓ.டி.யிலிருந்து லேபுக்கு வரும் வழியில் இரண்டு கையும் ஓய்வெடுக்க வேறு இடம் கிடையாது. அதனால் மாடத்துக்கே ஒரு பார்கோடு கொடுத்துவிட்டோம், அட்டையில் ஒட்டி உள்ளே சாய்த்து வைத்திருக்கிறோம். அங்கே எதை வைத்தாலும் மாடத்தையும் ட்யூபையும் ஸ்கேன் செய்ய வேண்டும். பட்டியலில் "மாடம்" என்று வருகிறது. ஆயாம்மாவுக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

முதல் வாரம் பட்டியலில் ஒரு நாள் 11 நின்றது. பெரும்பாலும் ஸ்கேன் செய்ய மறந்தவை, சாம்பிள் என் கையில்தான் இருந்தது. ஒரு கூத்து: 6.02க்கு லேபுக்கு வந்த ட்யூபை 6.09க்கு எடுத்ததாகக் காட்டியது. என் கம்ப்யூட்டர் கடிகாரம் பின்தங்கி ஓடியிருக்கிறது, எத்தனை வருஷமாகவோ. எல்லாவற்றையும் சர்வர் நேரத்தோடு கட்டிவிட்டோம்.

இரண்டு நாள் முன்னால் ஐ.சி.யு.விலிருந்து கிளம்பிய ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுச் சோதனை) சிரிஞ்சு 12 நிமிஷமாக வரவில்லை. அதற்கு அரை மணிப் பட்டியல் உதவாது, அரை மணிக்குள் மெஷினில் போட்டே ஆக வேண்டிய சாம்பிள் அது. ஆகவே ஏ.பி.ஜி.க்கு மட்டும் 10 நிமிஷ மணி வைத்திருந்தோம். மணி அடித்தது, ஓடிப் போய்ப் பார்த்தால் அவசரத்தில் சிஸ்டர் பாக்கெட்டிலேயே இருந்தது.

தீராத ஒன்று: பயாப்சிகள் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை லேபுக்கு பஸ்ஸில் போகின்றன. அவர்கள் பெற்றுக்கொண்டதை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். அவர்கள் நம்பர் வேறு, எங்கள் நம்பர் வேறு. தினமும் இரவு நான் நோட்டை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒன்று உதைத்தால் சாப்பாடு ஆறிப்போகிறது. கேபிள்காரன் தம்பி, இதற்கு ஏதாவது வழி உண்டா?

கேபிள்காரன், மதுரை:

உண்டு அண்ணே. அவர்கள் லேபிளை உங்கள் லேபிள் மேல் ஒட்டாமல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். முதலில் அது போதும், அப்புறம் போட்டோவில் இரண்டு பார்கோடும் சேர்ந்தே விழும், உங்கள் போனிலேயே படிக்க வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பட்டி வருகிறேன், அப்படியே வந்து பார்க்கிறேன். அந்த மாடத்தையும் பார்க்க வேண்டும்.